சக்திக்கு ஏற்ற தவம்

மலையரசன் மகளாகிய பார்வதி தேவியார் சிவபெருமானைக் கணவராக அடைய வேண்டி இமயமலைச் சாரலிலே தவமிருந்த வரலாற்றை மகாகவி காளிதாசர் தமது குமாரசம்பவம் என்னும் காவியத்தின் ஐந்தாம் சருக்கத்தில் விரித்துரைக்கின்றார். கோடையிலே நாற்புறமும் தீ மூட்டி நடுவே நின்று, ஐந்தாவது தீயாகிய சூரியனை நோக்கியபடி இருந்தாள் தேவி. மாரியிலே வெறும் பாறைமேற் கிடந்தாள். பனிக்கால இரவுகளில் குளிர்ந்த நீரிலே நின்றாள். உதிர்ந்த சருகை உண்பதையும் விட்டொழித்தமையால் அபர்ணா என்ற திருநாமமும் பெற்றாள்.

அப்பொழுது எம்பெருமான் ஓர் இளம் பிரமசாரியாக வடிவெடுத்து அந்தத் தவச்சாலைக்கு எழுந்தருளினார். வந்தவர் உடனே வரம் கொடுக்கவில்லை. நலம் விசாரித்தார். வேள்விக்கு வேண்டிய சமித்தும் தருப்பையும் கிடைக்கின்றனவா, நீராடத் தண்ணீர் இருக்கின்றதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, உன்னுடைய சக்திக்கு உட்பட்டுத்தான் இந்தத் தவத்தைச் செய்கின்றாயா என்றும் கேட்டார். அறம் செய்வதற்கு முதற்கருவி உடம்பு அல்லவா என்பது அவர் காட்டிய காரணம்.

முருகப்பெருமானின் திரு அவதாரத்தைப் பாட வந்த காவியத்திலே, அவரைப் பெறப்போகும் அன்னையிடம் தந்தையே கேட்ட கேள்வி இது. தமக்காகச் செய்யப்படும் தவத்தையே அளவோடு செய்கின்றாயா என்று இறைவன் கேட்டார் என்றால், அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடமை ஒவ்வோர் அடியாருக்கும் உண்டு. உடம்பை முன்னர் இழிவாக எண்ணியிருந்த திருமூல நாயனாரும், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்திலே கூறுகின்றார்.

மடுல்சீமைத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு உடற்பயிற்சி என்ற சொல் சற்று வேடிக்கையாகவே இருக்கும். விடியற்காலையில் லயத்தை விட்டு இறங்கி, பெரட்டுக்குப் போய், அங்கிருந்து செங்குத்தான மலையில் ஏறி, முதுகிலே கொழுந்துச் சுமையோடு பகல் முழுவதும் நிற்கும் தாய்மாருக்குத் தனியாக ஓர் உடற்பயிற்சி வேண்டுமா? ஆனால் காலம் மாறிவிட்டது. இளைஞர்களிற் பலர் கொழும்பிலே கடைகளிலும் அலுவலகங்களிலும் தொழில் செய்கின்றார்கள். திருவிழாவுக்குக் கொடியேறியதும் ஊருக்கு வருகின்றார்கள். ஆண்டு முழுவதும் மலையேறிய தகப்பனாரும், பதினொரு மாதம் கடையில் நின்றுவிட்டு நேற்றிரவு பஸ்ஸில் வந்திறங்கிய மகனும் ஒரே பாரமுள்ள காவடியைத் தூக்குகின்றார்கள். பக்தி இருவருக்கும் ஒன்றுதான். உடம்பு ஒன்றல்ல.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் வேண்டும். உடற்பயிற்சி கெட்டதன்று. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான பயிற்சி செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில் கூறியுள்ளது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இக்காலத்திலே, அதிகமாக நடப்பவரைவிட நடக்காமலே இருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். ஆகவே இதைப் படித்துவிட்டு எவரும் நடையை நிறுத்திவிடலாகாது. இங்கே பேசப்படுவது அளவு மீறுவதைப் பற்றியே.

அந்த அளவு எது? ஆயுர்வேத நூலோர் இதற்கு விடை கூறியிருக்கின்றார்கள். உடற்பயிற்சியைத் தன் பலத்திற் பாதியளவுக்கே செய்ய வேண்டும் என்பது அவர்கள் விதி. அதுவும் நல்ல பலமும் நல்ல ஊட்டமும் உடையவர்களுக்கு, குளிர்காலத்திலும் வசந்தகாலத்திலும் மட்டுமே. மற்றக் காலங்களில் இன்னும் குறைக்க வேண்டும் என்று அஷ்டாங்க ஹிருதயம் சொல்கின்றது. பாதி வந்துவிட்டது என்பதை அறிவது எப்படி? மூச்சு வாய்வழியாக வரத் தொடங்குவதையும், நெற்றியிலும் மூக்கிலும் அக்குளிலும் வியர்வை அரும்புவதையும் அடையாளமாகச் சொன்னார்கள். அளவை மீறினால் தாகம், மூச்சிரைப்பு, காய்ச்சல், வாந்தி, உடல் மெலிவு, இரத்தப்போக்கு முதலியன வரும் என்று பட்டியலிட்ட சரகர் காலத்திலே இரத்தப் பரிசோதனையும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. யானையைக் கொன்று இழுத்துச் செல்ல முயன்ற சிங்கம் தானும் மாண்டுபோவதைப் போல, அளவு மீறி உடலை வருத்துபவன் அழிவான் என்ற உவமையும் அந்த நூல்களில் உண்டு. சிங்கத்துக்குப் பலம் குறைவு என்று யார் சொல்வார்?

பாதி என்றதும் தோட்டத்து மக்களுக்கு அரைப்பேர் நினைவுக்கு வரும். அரைப்பேர் விழுந்தால் சம்பளமும் பாதி, மனமும் பாதியாகிவிடும். மலையிலே அரைப்பேர் நட்டந்தான். ஆனால் உடம்பின் கணக்கிலே, பாதியில் நிறுத்தியவனுக்குத்தான் மறுநாளும் முழுப்பேர்.

இதனைத் தேயிலைச் செடியே சொல்லித்தரும். ஒரு மலையிலே கொழுந்து எடுத்தபின் மறு கொழுந்து வளர்வதற்குச் சில நாட்கள் விட்டே அடுத்த சுற்று வருகின்றது. நேற்று எடுத்த செடியை இன்றும் நாளையும் கிள்ளினால் செடி சோர்ந்துபோகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகின்றார்கள். வேரிலே மாச்சத்து சேமித்து வைத்திருக்கும் செடிதான் கவ்வாத்துக்குப் பின் துளிர்க்கும். சேமிப்பு இல்லாத செடி காய்ந்துவிடும். மனிதருடைய தசையும் இப்படித்தான். கடும் பயிற்சியின்போது தசைநாரிலே நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. ஓய்விலும் உறக்கத்திலும் உணவிலுந்தான் அவை ஆறித் தசை பலப்படுகின்றது. ஆறுவதற்கு முன்னரே நாள்தோறும் வருத்திக்கொண்டிருந்தால் பலம் ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். உறக்கம் கெடும். எரிச்சல் வரும். அடிக்கடி தடிமனும் காய்ச்சலும் பிடிக்கும். காலையில் படுக்கையிலிருந்து எழுவதற்கு முன் பார்க்கும் நாடித்துடிப்பும் வழமையைவிடக் கூடியிருக்கலாம். பெண்களுக்கு, உண்பது குறைந்து உழைப்புக் கூடினால் மாதவிலக்கு நின்றுபோவதும், எலும்பிலே மயிரிழை வெடிப்பு உண்டாவதும் விளையாட்டு மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட விடயங்கள். இரத்தச்சோகையோடு மலையேறும் தாய்மார், விரதம் என்று பட்டினியும் கிடந்து, அதன்மேல் பாற்குடமும் எடுக்கும்போது இதனை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தசை மட்டுமன்று, சிறுநீரகமும் கெடும். பழக்கமில்லாத ஒருவர் ஒரே மூச்சில் அளவுக்கு மீறி உழைத்தால், தசை உடைந்து அதிலுள்ள செந்நிறப் பொருள் இரத்தத்தில் கலக்கின்றது. அது சிறுநீரகத்தை அடைத்துவிடக் கூடும். ஓரிரு நாட்களுக்குள் தொடையும் தோளும் வீங்கி வலிக்கும். சிறுநீர் கறுத்துப்போகும். அந்த நிறத்தை வைத்திய நூல்கள் தேநீரின் நிறம் என்றே எழுதுகின்றன. பால் விடாத சாயத் தேநீரின் நிறத்தை மடுல்சீமையாருக்கு வேறு எவரும் விளக்கத் தேவையில்லை. அந்த நிறத்தில் சிறுநீர் போனால், திருவிழாக் களைப்பு என்று படுத்துவிடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். நேரத்தோடு சேலைன் ஏற்றினால் பெரும்பாலானோர் குணமடைந்துவிடுவர்.

அடுத்தது இருதயம். 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி பெங்களூரிலே கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் காலமானார். அன்று காலை உடற்பயிற்சிக்குப் பின்னர் நெஞ்சில் அசௌகரியம் ஏற்பட்டது. நாள்தோறும் பயிற்சி செய்து கட்டுடலோடு விளங்கியவர் அவர். உடற்பயிற்சிதான் அவரைக் கொன்றது என்று சொல்வது சரியன்று. வெளித்தோற்றத்தைக் கொண்டு இருதயத்தின் நிலையை அறிய முடியாது என்பதே அதிலிருந்து தெரிவது. இரத்தக் குழாயிலே ஏற்கனவே கொழுப்படைப்பு இருப்பவருக்குத் திடீர்க் கடும் முயற்சியே மாரடைப்பைத் தூண்டிவிடக் கூடும். இளம் வயதினருக்குப் பிறப்பிலேயே இருதயத் தசை தடித்திருக்கும் நோய் மறைந்திருக்கலாம். குடும்பத்தில் எவராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்திருந்தாலோ, காவடிக்கும் ஓட்டப் போட்டிக்கும் முன்னர் வைத்தியரைக் காண்பது அவசியம். காய்ச்சலோடு ஓடுவது அறவே கூடாது. சில வைரசுக் காய்ச்சல்கள் இருதயத் தசையையும் தாக்குவதுண்டு.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலிலே பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கான மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். சித்திரவேலாயுத சுவாமி கோயில் கொண்ட ஊர் அது. கதிர்காம யாத்திரிகர்கள் வணங்கிச் செல்லும் தலம். அந்தச் செய்தியைக் கேட்டு அழாத தாய்மார் இல்லை. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா என்றால் மரதன் ஓட்டம் இல்லாமல் நடப்பதில்லை. பலர் எந்தப் பயிற்சியும் இன்றி, முதல்நாள் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு ஓட வருகின்றார்கள். ஆண்டின் வெப்பமான மாதங்களில் ஒன்று அது. ஓட்டத்தை அதிகாலையிலே தொடங்கினால் பரிசின் பெறுமதி குறைந்துவிடாது.

வெப்பத்தைப் பற்றிச் சிறிது கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. மடுல்சீமை பனிமூட்டமும் குளிர்காற்றும் உள்ள ஊர். இங்குள்ள உடம்பு வியர்த்துப் பழகிய உடம்பன்று. ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் செல்லும் அடியார்கள், குளிர்ந்த மலையிலிருந்து நேரே வெயில் காயும் தாழ்நிலத்துக்கு இறங்குகின்றார்கள். உகந்தையிலிருந்து குமண, யால காடுகளினூடாக நடப்பவர்களுக்கு நிழலும் நீரும் நினைத்த இடத்திற் கிடையா. புதிய வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து பல வாரங்கள் நடந்து வருகின்ற யாத்திரிகர்களின் உடம்பு வழியிலேயே பழகிவிடுகின்றது. முதல்நாள் மலையிலிருந்து இறங்கியவர், மறுநாள் அவர்களோடு சமமாக நடக்க முனைவது பக்தியாகாது. முதல் நாட்களில் காலையும் மாலையும் மட்டும் நடந்து, நண்பகலில் மரநிழலில் இருத்தல் வேண்டும்.

உடலின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டிவிட்டால் மூளை குழம்பும். நடை தள்ளாடும். பேச்சு உளறும். சிலர் கோபங்கொண்டு கத்துவார்கள். இங்கேதான் கோயில் வீதியிலே ஒரு பெரிய ஆபத்து இருக்கின்றது. காவடியாடும் ஒருவர் உளறினால், கண் சொருகினால், அருள் வந்துவிட்டது என்று சுற்றியிருப்பவர்கள் உடுக்கையை இன்னும் வேகமாக அடிப்பார்கள். அருளை எவரும் மறுக்கவில்லை. ஆனால் மேனி நெருப்பாய்க் கொதிக்கின்றதா என்று ஒருவர் தொட்டுப் பார்க்கலாமே. கொதித்தால், வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும், காவடியை இறக்கி நிழலிலே கிடத்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயிலே தண்ணீர் புகட்டக் கூடாது. திருநீறு பூசுவது தவறன்று. ஒருவர் பூசும்போதே இன்னொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்சை வரவழைக்கலாம். மூச்சே இல்லாமல் விழுந்துவிட்டால், அம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவிலே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கோயில் இளைஞர்களில் சிலராவது இதனைப் பழகி வைத்திருப்பது நல்லது.

தண்ணீரிலும் அளவு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகர மரதனில் ஓடிய 28 வயதுப் பெண்ணொருவர், அளவுக்கு மீறி நீராகாரம் குடித்தமையால் இரத்தத்தில் உப்புச் செறிவு குறைந்து உயிரிழந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 வீதமானோருக்கு உப்புக் குறைந்திருந்தமை தெரியவந்தது. தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே முறை. நீண்ட நடையில் வெறுந் தண்ணீரோடு நில்லாமல் உப்பிட்ட கஞ்சியோ மோரோ, பக்கற்றில் சொல்லியபடி கரைத்த ஜீவனியோ சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீர்ப் பந்தலிலே நீர்மோர் கொடுத்த முன்னோர் காரணமில்லாமலா கொடுத்தார்கள்!

ஊவாவிலே அயலவராக வாழும் பௌத்தர்களின் நூலிலும் இதே பாடம் உண்டு. சோணர் என்ற செல்வந்தர் வீட்டுப் பிள்ளை துறவு பூண்டு, நடந்தபடியே செய்யும் தியானத்தை ஓயாமற் செய்தார். பாதங்கள் வெடித்து நடைபாதை முழுவதும் இரத்தமாயிற்று. பலன் கிட்டாமையால் துறவையே விட்டுவிடலாமா என்று எண்ணினார். புத்தபிரான் அவரிடம் வந்து, வீட்டிலிருந்தபோது நீ வீணை வாசிப்பாயல்லவா, நரம்பு அதிகம் முறுகியிருந்தால் இசை வந்ததா, தளர்ந்திருந்தால் வந்ததா என்று கேட்டார். சோணர் நரம்பைச் சரியாகக் கூட்டினார். பின்னர் பேறு பெற்றார். கண்ணபிரானும் கீதையின் ஆறாம் அத்தியாயத்திலே, மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதே இருப்பவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காதே விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று அருச்சுனனுக்கு உரைக்கின்றார்.

அப்படியானால் நேர்த்திக்கடனை என்ன செய்வது என்ற கேள்வி எழும். நேர்ந்ததைச் செய்யாமல் விடுவது மனத்தை உறுத்தும். பரீட்சையில் பிள்ளை சித்தியடைந்தால் பிள்ளையாருக்கு 1008 தோப்புக்கரணம் என்று நேர்ந்துகொள்வது வழக்கம். அதனை ஒரே காலைப்பொழுதில் முடித்துவிடப் பார்ப்பதும் வழக்கம். சீனாவிலே 2019ஆம் ஆண்டு இரண்டு இளம் தோழியர் போட்டிக்காக ஏறத்தாழ ஆயிரம் தடவை உட்கார்ந்து எழுந்து, தசை உடைந்து, சாயத் தேநீர் நிறத்திற் சிறுநீர் போய் வைத்தியசாலையிற் கிடந்த செய்தி வந்தது. தோப்புக்கரணமும் உட்கார்ந்து எழுவதுதான். அங்கப்பிரதட்சணமும் அடியழித்தலும் பழக்கமில்லாத உடம்புக்குப் பாரமே.

நேர்த்தியின்போது எண்ணிக்கையைச் சொல்கின்றவர்கள், ஒரே நாளில் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. ஒரு மண்டலம் என்பது 48 நாட்கள். நாளொன்றுக்கு 21 தோப்புக்கரணம் போட்டால் 48ஆம் நாள் சரியாக 1008 ஆகிவிடும். 21 என்பதோ பிள்ளையாருக்கு உகந்த எண். ஒரு காலை வந்து, மூச்சிரைக்க எண்ணிவிட்டு, நொண்டிக்கொண்டு வீடு போகும் அடியார், இப்படிச் செய்தால் 48 நாளும் விளக்கேற்றும் நேரத்திலே பிள்ளையார் சந்நிதியில் நிற்பார். கொழும்புக்குத் திரும்ப வேண்டியவர், மிகுதியை அங்குள்ள ஒரு பிள்ளையார் முன்னே போட்டுக்கொள்ளலாம். எண்ணுகின்றவர் அவரும் இவரும் ஒருவரே.